தடைக்காலத்தில் கடலோரம்: பாண்டிச்சேரி முதல் முட்டம் வரை

மே 17, 2025, சனி – பாண்டிச்சேரி

இந்தப் பயணத்துக்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. அத்தைக்கு ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆட வேண்டும். மகளுக்குக் கடலில் ஆசைதீரக் குளிக்க வேண்டும். என் கணவருக்கு, போகிற ஊரிலெல்லாம் அன்றைக்குப் பிடித்த மீனை அன்றைக்கே சாப்பிட வேண்டும். எனக்கு ஈரோட்டு அனலிலிருந்து தப்பித்தால் போதும். பள்ளி விடுமுறை மே மாதத்தில்தான் என்பதால் கத்திரி நடுவிலேயே வண்டியை எடுத்தோம்.

பாண்டிச்சேரிக்குள் நுழையும்போதே மணி பன்னிரண்டை நெருங்கிவிட்டது. சனிக்கிழமை வேறு. இந்திரா காந்தி சதுக்கத்தில் ஆரம்பித்த நெரிசல் வெள்ளையர் நகரம் வரை விடவில்லை. வண்டியை நிறுத்த இடம் தேடி ஒரே தெருவை நாலு தடவை சுற்றினோம். முன்பதிவு செய்திருந்த அறையில் ஏசி வேலை செய்யவில்லை என்று சொல்லி, அதே 3,200 ரூபாய்க்கு சந்துக்குள் வேறொரு அறை கொடுத்தார்கள். சண்டை போடத் தெம்பில்லை.

கடல் பக்கம் போனால் குளுமையாக இருக்கும் என்பது உள்நாட்டுக்காரர்களின் நம்பிக்கை. வெயில் ஈரோட்டைவிடக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் உடம்பில் வியர்வை காயவே மாட்டேன் என்கிறது. மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று பலமாக இருக்கும்வரை கடற்காற்று ஊருக்குள் வராது. மதியம் ஒரு மணி, இரண்டு மணிக்கு மேல்தான் அது உள்ளே வரும். அதுவரை மஞ்சள் சுவர்த் தெருக்களில் சுவரோரம் அரை அடி நிழல்கூடக் கிடையாது. அந்த வெயிலிலும் ஒவ்வொரு வாசலிலும் யாராவது பூப்போட்ட கவுனில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர்கள் கதவைத் திறக்கவும் தயங்கி எட்டிப் பார்ப்பதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

மகளின் முகம் சாயங்காலம் வாடியது. கடற்கரைச் சாலையில் மணல் இல்லை. கரை நெடுக கருங்கல் பாறைகள். ஒரு காலத்தில் இங்கே அகலமான மணல்வெளி இருந்திருக்கிறது. கிழக்குக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகரும். எண்பதுகளின் கடைசியில் துறைமுகத்துக்காகத் தெற்கே தடுப்புச்சுவர் கட்டியதும் அந்த மணல் அங்கேயே நின்றுவிட்டது, வடக்கே இருந்ததைக் கடல் தின்றுவிட்டது. பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டை அமைத்து, கொஞ்சம் மணலைத் திரும்பச் சேர வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது அந்தத் துண்டு மணலில் கூட்டம் நெரிந்தது. கணுக்காலுக்கு மேல் நனைந்தாலே விசில் ஊதினார்கள். ஊதியதும் நியாயம்தான், அலை பலமாக இருந்தது.

ஆனால் ஆறு மணிக்கு மேல் அந்தச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள் என்பது பெரிய விஷயம். குழந்தைகள் நடுரோட்டில் ஓடுகிறார்கள், வயதானவர்கள் காந்தி சிலையடியில் காற்று வாங்குகிறார்கள். ஒரு கடற்கரைச் சாலையை நடக்கிறவர்களுக்கே விட்டுவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதை அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே புரிந்துகொள்ளலாம். மதியம் ஓர் அழகான காபிக் கடையில் ஒரு கப் 190 ரூபாய் கொடுத்திருந்தோம். ராத்திரி நேரு வீதிப் பக்கம் 20 ரூபாய்க்குக் குடித்த பில்டர் காபிதான் காபி.

சாப்பிடப் போன இடத்தில் என் கணவர் வஞ்சிரம் கேட்டார். பரிமாற வந்த பையன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து, "அண்ணே, வஞ்சிரம் ஒரு துண்டு முன்னூத்தி எம்பது. தடைக்காலம்ணே. ஐஸ்ல இருந்து எடுத்ததுதான் வரும். எறா தொக்கு சொல்லுங்க, அது வளக்கற எறா, நல்லாருக்கும்" என்றான். முதலாளிக்குத் தெரிந்தால் திட்டு வாங்குவான். அவனுக்காகவே அந்தக் கடையைப் பற்றி வேறொன்றும் எழுதப் போவதில்லை.

மே 18, ஞாயிறு – தரங்கம்பாடி

தடைக்காலம் பற்றி உள்நாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. திருவள்ளூரிலிருந்து கன்னியாகுமரி வரை இதுதான் சட்டம். அதாவது பள்ளிக்கூடம் விடுமுறை விட்டு நாம் எல்லோரும் கடலைத் தேடிப் போகிற அதே இரண்டு மாதம் துறைமுகங்கள் மூடிக் கிடக்கின்றன. வழியெல்லாம் கரையில் ஏற்றி நிறுத்திய படகுகளுக்குச் சாயம் பூசிக்கொண்டும், வலை பின்னிக்கொண்டும் இருந்தார்கள். ஓட்டல் பலகைகளில் மட்டும் எல்லா மீனும் இருந்தது.

கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாக ஒன்பது மணிக்கெல்லாம் தரங்கம்பாடி. நகர வாயிலைத் தாண்டி ராஜ வீதிக்குள் நுழைந்ததும் சத்தமே அடங்கிவிட்டது. இந்த ஊர் இவ்வளவு பழையது, இவ்வளவு சின்னது, இவ்வளவு அமைதியானது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு இங்கே அச்சுக்கூடம் வைத்து, 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அவர் 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் நாங்கள் போன நேரம் ஞாயிறு ஆராதனை நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றவர்களை ஒரு பெரியவர் கையைக் காட்டி உள்ளே அழைத்து, அத்தைக்கு மின்விசிறிக்குக் கீழே இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அத்தை நெற்றி நிறைய விபூதியோடு முழுப் பாட்டுக்கும் உட்கார்ந்திருந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கோட்டைக்கு வடக்கே கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்துக் கோயில். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். கடல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்க முடிகிற இடம் இது. 2004 சுனாமியிலும் இந்த ஊர் அடி வாங்கியது.

அங்கே கரையில்தான் அந்த அம்மாவைப் பார்த்தோம். ஒரு தார்ப்பாயில் கிழங்கா மீனைக் கூறு கட்டி வைத்திருந்தார். தடைக்காலத்தில் எப்படி மீன் என்று என் கணவர் கேட்டார்.

"விசைப்படகுதான் தம்பி போவக்கூடாது. ஃபைபர் போட்டு, கட்டுமரம் எல்லாம் கரையோரமா போயிட்டு வரும். ராத்திரி போயி வெடியக்காத்தால வந்துச்சு இது. கண்ணைப் பாருங்க."

பார்த்தோம். கண் தெளிந்து, செவுளைத் தூக்கினால் ரத்தச் சிவப்பு. கூறு 300 ரூபாய். தங்கியிருக்கும் இடத்தில் சமைக்க முடியாது என்றதும், நாத்தனார் வீடு பக்கத்துத் தெருதான், அவள் வெளியூர்க்காரர்களுக்குச் சமைத்துக் கொடுப்பாள் என்று ஒரு பையனைக் கூட அனுப்பினார்.

அந்த வீட்டுத் திண்ணைதான் இந்தப் பயணத்தில் எங்களுக்குக் கிடைத்த முதல் நல்ல நிழல். தென்னங்கீற்றுப் பந்தல், கீழே தெளித்த தண்ணீர், ஒரு நார்க்கட்டில். வீட்டுக்காரப் பெண் மீனை மண்சட்டியில் போட்டு, கல் உப்பைத் தூவி, உள்ளங்கையால் சட்டியின் அடியில் சுழற்றிச் சுழற்றி உரசினார். செதிலெல்லாம் சட்டியிலேயே தங்கியது, மீன் வெள்ளைவெளேரென்று வந்தது. மூன்று முறை தண்ணீர் மாற்றினார். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் புளித்தண்ணீர், வேறொன்றும் சேர்க்கவில்லை. மகள் முள் எடுக்கப் பயப்படுவாள் என்று அவரே பக்கத்தில் உட்கார்ந்து நடுமுள்ளை ஒரே இழுப்பில் எடுத்துக் கொடுத்தார். சோறு, குழம்பு, வறுவல், மோர் எல்லாம் சேர்த்துக் கூலி 400 என்றார்.

அவர் வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். தடைக்கால நிவாரணமாக அரசாங்கம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறது. "ரெண்டு மாசத்துக்கு அது எப்படிக்கா பத்தும்? அதான் ரெண்டு பேருக்குச் சமைச்சுப் போடறேன்" என்றார். முறையிடுகிற தொனியே இல்லை. நாங்கள் 500 கொடுத்தோம், நூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மே 19, திங்கள் – வேளாங்கண்ணி, வேதாரண்யம், பாம்பன்

நீண்ட பாதை, அதனால் சுருக்கமாக.

நாகூர் தர்காவில் காலை நேரத்துக் குளிர்ந்த தரையில் பத்து நிமிடம் உட்கார்ந்தோம். வேளாங்கண்ணியில் மாதா கோயிலுக்குள் மெழுகுவத்தி வெளிச்சமும் அமைதியும் மனதுக்கு இதமாக இருந்தன. கோயிலிலிருந்து கடலுக்குப் போகிற பாதை அப்படியில்லை. இரண்டு பக்கமும் சிவப்பு மசாலா தடவி அடுக்கிய மீன், எந்த மீன் என்று கேட்டால் ஆளுக்கொரு பேர். மணலில் பிளாஸ்டிக் கப்புகள், மழித்த முடி, உடைந்த பாட்டில். மகள் செருப்பைக் கழற்றவே மறுத்துவிட்டாள். இத்தனை பேர் வேண்டுதலோடு வந்து கால் நனைக்கிற கடற்கரையில், மணலைச் சுத்தமாக வைத்துக்கொள்வதும் வழிபாட்டில் சேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன். அத்தையும் அதையேதான் சொன்னார்.

வேதாரண்யத்தில் உப்பு அறுவடைக் காலம். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த இடம் என்பதை மகளுக்குப் பாடப்புத்தகத்தில் படித்த ஞாபகம். ஆனால் பாத்திகளைப் பார்த்ததும் அவள் கேட்டது வேறு: "இவங்களுக்கு நிழல் எங்கம்மா?" கண் கூசும் வெள்ளையில், சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு உப்பை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். நமக்கு வெயில் விடுமுறைத் தொல்லை. அவர்களுக்கு அந்த வெயிலில்தான் பிழைப்பு, மழை பெய்தால் வேலை போச்சு.

முத்துப்பேட்டை, தொண்டி, தேவிபட்டினம் என்று கடலை விட்டுவிட்டுப் பிடித்து, பொழுது சாயும் நேரம் பாம்பன். சாலைப் பாலத்தில் வண்டிகள் நின்று போக்குவரத்து அப்படியே உறைந்திருந்தது. எல்லோரும் புது ரயில் பாலத்தைப் பார்க்கிறார்கள். ஏப்ரல் 6-ஆம் தேதிதான் திறந்தார்கள். நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே 17 மீட்டர் ஏறி, கப்பலுக்கு வழி விடும். அதையொட்டியே 1914-ஆம் வருடத்துப் பழைய பாலமும் நின்றது. நானும் இறங்கிப் படம் எடுத்திருப்பேன், பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. அது கடந்து போகப் பத்து நிமிடம் ஆனது. பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். இதைப் படிக்கிறவர்களுக்கு நான் வைக்கும் ஒரே வேண்டுகோள் இது.

மே 20, செவ்வாய் – ராமேஸ்வரம், தனுஷ்கோடி

விடியற்காலை நாலரைக்கே அக்னி தீர்த்தத்தில் முழுக்கு. அங்கே கடல் குளம் மாதிரி அசையாமல் கிடந்தது. அத்தை கரையேறும்போதே ஒருவர் வந்து, "வரிசையெல்லாம் நிக்க வேண்டாம், தலைக்கு முன்னூறு, அரை மணியில முடிச்சிடலாம்" என்றார். கோயில் கட்டணம் 25 ரூபாய்தான். நாங்கள் வரிசையிலேயே போனோம். ஒவ்வொரு கிணறாகப் போய் நிற்க, மேலே நிற்பவர் வாளியால் மொண்டு தலையில் ஊற்றுகிறார். ஒரு கிணற்றுத் தண்ணீர் சில்லென்று, அடுத்தது வெதுவெதுப்பாக. எல்லாம் ஒரே வளாகம், கடல் கூப்பிடு தூரம், ஆனாலும் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை. பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ கிணற்றுக்கருகில் ஈரத் தரையில் அத்தைக்குக் கால் வழுக்கியது. முன்னால் போன ஒரு வட இந்தியப் பெண் சட்டென்று திரும்பித் தாங்கிப் பிடித்தார். அதன்பின் கடைசித் தீர்த்தம் வரை அத்தையின் கையை விடவேயில்லை. இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடத் தெரியாது. முடிந்ததும் அத்தை தன் மடியிலிருந்த கல்கண்டைப் பிரித்து அவருக்குப் பாதி கொடுத்தார்.

ஈரத்துணி மாற்ற இடம் தேடியது பெரும்பாடு. வெளியே கடைக்காரர்கள் தடுப்பு கட்டி ஆளுக்கு 20 ரூபாய் வாங்குகிறார்கள், உள்ளே கால் வைக்க முடியவில்லை. பெண்கள் நாலு பேர் சேர்ந்து சேலையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு மாறி மாறி உடை மாற்றிக்கொண்டோம்.

மூன்றாம் பிரகாரத்துக்குள் போனதும் இந்த எரிச்சல் எல்லாம் இறங்கிவிட்டது. சேதுபதி மன்னர்கள் எழுப்பிய பிரகாரம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே வரிசை. வெளியே கல் தரையில் கால் வைக்க முடியாத வெயில், உள்ளே கல் குளிர்ந்து கிடக்கிறது. வெயில் அறிந்து கட்டியவர்கள் கட்டியது. இன்றைக்குக் கடலோரத்தில் கோடி கோடியாகச் செலவு செய்து அலங்கார வளைவும் செல்பி மேடையும் வைக்கிறவர்கள் இதில் ஒரு சாண் நிழலையாவது கற்றுக்கொள்ளலாம்.

விடுதியில் முதல் நாள் சொன்ன 2,000 ரூபாய், இன்று 2,600 ஆகிவிட்டது. கேட்டதற்கு "சீசன்" என்ற ஒற்றைச் சொல்தான் பதில். மதியம் மின்சாரமும் போனது.

நான்கு மணிக்குத் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு புயலில் ஊர் முழுவதும் போனது, பாம்பனிலிருந்து வந்த ரயிலும் பயணிகளோடு போனது. தேவாலயத்தின் சுவர்களும் ரயில் நிலையத்தின் துண்டுகளும் மணலில் நிற்கின்றன. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை போட்டபின் கார்கள் வரிசையாக வருகின்றன. சாலைக்கு ஒரு பக்கம் பெண் கடல் என்கிற பாக் நீரிணை, மறு பக்கம் ஆண் கடல் என்கிற மன்னார் வளைகுடா. மே மாதம் தென்மேற்குக் காற்று பிடித்துவிடுவதால் மன்னார் வளைகுடாப் பக்கம் சீறிக்கொண்டிருக்கிறது, பாக் நீரிணைப் பக்கம் சலனமில்லை. இரண்டையும் ஒரே இடத்தில் நின்று தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். ஆண் கடல் பக்கம் அலைக்குள் இறங்கி நின்ற இளவட்டங்களைப் போலீஸ்காரர் ஒருவர் தொண்டை கிழியக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இடிந்த தேவாலயத்துக்குப் பின்னால் சங்கு, பாசிமணி விற்கும் ஒரு பாட்டி, மகள் தண்ணீர் கேட்டதும் எங்களைக் குடிசைக்குப் பக்கத்தில் கூட்டிப்போனார். மணலில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. சுற்றி ஓலை. குனிந்து, சிரட்டையால் அடியில் ஊறியிருந்ததை அலுங்காமல் மொண்டு, துணி கட்டிய குடத்தில் ஊற்றினார். குழி வற்றியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணலின் ஓரத்திலிருந்து மெல்லக் கசிந்து மறுபடி ஒரு சிரட்டை அளவு நிறைந்தது. இரண்டு கடலுக்கும் நடுவில், நல்ல தண்ணீர். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். "அளவா எடுக்கணும் தாயி. பேராசைப்பட்டா கரிச்சிரும்" என்றார் பாட்டி. மகள் இரண்டு டம்ளர் குடித்தாள். பாட்டி காசு வாங்கவில்லை, 50 ரூபாய்க்குப் பாசிமணி வாங்கிக்கொண்டோம்.

மே 21, புதன் – சாயல்குடி வழி, திருச்செந்தூர்

சாயல்குடி தாண்டியதும் கடலைவிடப் பனைதான் அதிகம். அத்தைக்கு வயிறு சரியில்லை, மகளுக்குத் தலைவலி. சாலையோரம் ஓலைக் கொட்டகை ஒன்றைப் பார்த்து நிறுத்தினோம். அதிகாலையில் இறக்கிய பதனீரை ஓலைப் பட்டையில் ஊற்றி, அதிலேயே நுங்கை நோண்டிப் போட்டுக் கொடுத்தார் அந்த அண்ணாச்சி. ஒரு பட்டை 50 ரூபாய். பட்டையின் பச்சை வாசமும் பதனீரும் சேர்ந்து தொண்டையில் இறங்கியதும் மகளின் முகத்தில் உயிர் வந்தது. கிளம்ப எழுந்தவர்களை, "வெயிலு தாழட்டும்மா, எங்க ஓடப்போவுது திருச்செந்தூரு? உக்காருங்க" என்று உட்கார வைத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம். மரம் ஏற இப்போது ஆளே கிடைப்பதில்லை என்றும், தன்னோடு இது முடிந்துவிடும் என்றும் சொன்னார். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, ஏறுகிறவருக்குத்தான் கூலி ஏறவில்லை. இரண்டு கிலோ கருப்பட்டி வாங்கினோம்.

திருச்செந்தூரில் ஜூலை 7 குடமுழுக்குக்கான வேலைகள் நடந்துகொண்டிருந்தன, எங்கும் சாரம். தரிசன வரிசையில் மூன்று மணி நேரம். கைக்குழந்தைக்காரர்களுக்கு முன்னால் நின்றவர்கள் தாங்களாகவே ஒதுங்கி வழி விட்டார்கள், யாரும் சொல்லி அல்ல. கோயில் முன்னால் கடல் அரித்து மணல் படி போல வெட்டுண்டு கிடக்கிறது. இறங்கும்போது பார்த்து இறங்க வேண்டும். நாழிக்கிணற்றில் அத்தைக்கு இன்னொரு முழுக்கு. ராத்திரி பொரித்த பரோட்டா, சால்னா. இங்கும் மீன் இல்லை.

மே 22, வியாழன் – மணப்பாடு

மகள் கேட்ட கடல் மணப்பாட்டில் கிடைத்தது. ஒரு மணல் குன்று, மேலே திருச்சிலுவை ஆலயம், கீழே 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கழிமுகத்தில் முழங்கால் ஆழத் தண்ணீர், அடியில் மணல் தெரிகிறது. காலை ஏழு மணிக்கு எங்களைத் தவிர யாருமில்லை. மகள் அந்தத் தண்ணீரிலேயே இரண்டு மணி நேரம் கிடந்தாள். வெளியே வரச் சொல்லி நான் கூப்பிடவும் இல்லை.

திரும்பும்போது வண்டியின் பின்சக்கரம் மணலில் புதைந்துவிட்டது. முடுக்க முடுக்க இன்னும் கீழே போனது. படகு நிழலில் சீட்டாடிக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் எழுந்து வந்தார்கள். ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார். இன்னொருவர் பழைய வலையையும் பலகையையும் சக்கரத்துக்கடியில் திணித்தார். "ஏலேய்" போட்டு ஒரே தள்ளு, வண்டி மேட்டில். பணம் கொடுத்தால் சிரிக்கிறார்கள். "தடைக்காலம் அண்ணாச்சி, கை சும்மாதான் இருக்கு. படகு தள்ளுற கைக்கு இது ஒரு வேலையா?" கடைசியில் எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுக்க விட்டார்கள். 160 ரூபாய்.

மாலை கன்னியாகுமரி. மேகம் மூட்டம் போட்டிருந்தது, சூரியன் விழுந்த இடம் தெரியவில்லை.

மே 23, வெள்ளி – கன்னியாகுமரி, முட்டம்

உதயம் பார்க்க நாலரைக்கே ஆயிரக்கணக்கில் ஆள். உதயமாகவில்லை, தூறல்தான் விழுந்தது. காற்று அள்ளிக்கொண்டு போகிற மாதிரி. பாறைக்குப் படகு விடவில்லை. 2024 டிசம்பர் 30-இல் திறந்த கண்ணாடிப் பாலத்தை மகள் கரையிலிருந்தே பார்த்தாள்; விவேகானந்தர் பாறையையும் 133 அடி வள்ளுவரையும் இணைக்கும் 77 மீட்டர் பாலம். தூரத்திலிருந்து இருவரும் கைகோத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது என்றாள். அங்கேயும் ஒருவர் குடையை 400 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தார்.

குளிக்க வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இந்தக் கரையில் மே மாதம் இன்னொரு ஆபத்தும் உண்டு. வெகுதூரம் தெற்கே இந்தியப் பெருங்கடலில் எழும் பேரலைகள், இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று கரையேறும். கள்ளக்கடல் என்று மீனவர்கள் சொல்வது இதைத்தான். கடலியல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. போன வருடம் மே 6-ஆம் தேதி, பக்கத்தில் லெமூர் கடற்கரையில் இப்படித்தான் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்துபோனார்கள். ஒலிபெருக்கி கத்தும்போது அலுத்துக்கொண்ட சிலரைப் பார்த்து எனக்கு வயிறு பதறியது. கேளுங்கள், தயவுசெய்து.

பதினொரு மணிக்கு முட்டம் கிளம்பினோம். மேற்குக் கரைக்குத் தடைக்காலம் ஜூன் 1-இல்தான் ஆரம்பம், ஜூலை 31 வரை. அதாவது கன்னியாகுமரி மாவட்டத்தில் கொஞ்ச தூரம் மேற்கே போனால் சட்டத்தின் தேதியே வேறு. துறைமுகத்தில் படகுகள் காற்றுக்குப் பயந்து அவசரமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. ஏலம் போடுகிற சத்தம், ஐஸ் உடைக்கிற சத்தம், கூடை கூடையாகச் சாளை (மத்தி மீன்). என் கணவர் அத்தனையையும் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

பக்கத்தில் நாலு மேசை போட்ட ஒரு கடை. வேகவைத்து மசித்த மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு), மேலே சாளைக் கறி, தட்டு 80 ரூபாய். தேங்காயை அரைத்து, குடம்புளி போட்டு, சட்டியோடு இறக்கி வைத்திருந்தார்கள். புளிப்பும் காரமும் கிழங்கின் மெல்லிய இனிப்பும் ஒன்றோடொன்று அப்படிப் பொருந்தின. மகள் இரண்டாவது தட்டு கேட்டாள். வெளியே மழை கொட்டத் தொடங்கியது. கடைக்கார அக்கா வாசலில் ஒரு சாக்கை விரித்துவிட்டு, "ஒண்ணாந்தேதிக்குப் பொறவு வந்திருந்தா இதும் கிடைக்காது பிள்ளே. ரெண்டு மாசம் எங்களுக்கும் பூட்டுதான்" என்றார். அப்போது என்ன செய்வீர்கள் என்று அத்தை கேட்டார். கருவாடு இருக்கிறது, கட்டுமரத்தில் கொஞ்சம் வரும், அப்புறம் வட்டிக்கடன் என்றார். அத்தை கருவாடு அரைக் கிலோ வாங்கினார், பேரம் பேசாமல்.

மே 24, சனி – வீடு நோக்கி

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றும் மழையும். கேரளத்தில் பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலைத் துறை அறிவித்த செய்தி வழியில் வந்தது. வழக்கமாக ஜூன் 1, இந்த வருடம் எட்டு நாள் முன்னதாக. அந்த மழையிலேயே துறைமுகத்துக்காரர்களுக்கு மிச்சமிருந்த ஒரு வாரத்துத் தொழிலும் போயிருக்கும்.

அடுத்த பயணம் எப்போது என்ற பேச்சு திருநெல்வேலி தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. ஜனவரியில், பொங்கல் முடிந்து. மணப்பாட்டில் இரண்டு நாள், தரங்கம்பாடியில் இரண்டு நாள். அந்தத் திண்ணை வீட்டுப் பெண்ணின் எண்ணை என் கணவர் வாங்கி வைத்திருக்கிறார். அத்தைக்கு மட்டும் ஒரு திருத்தம்: பாண்டிச்சேரி வேண்டாம், ராமேஸ்வரம் இன்னொரு தடவை வேண்டும், ஆனால் தங்குவது வேறு விடுதியில்.